கல்லூரிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் "படிப்புச் செலவுக்கு என்ன வழி?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "ஸ்காலர்ஷிப் வரும் சார்", இல்லையென்றால் "லோன் போடலாம்னு இருக்கோம்". எந்த ஸ்காலர்ஷிப், எப்போது வரும், யார் கணக்கில் வரும், லோன் எவ்வளவு, வட்டி எப்போது தொடங்கும் என்று அடுத்த கேள்வி கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நான் பார்த்தவரை, தகுதி இருந்தும் உதவி கிடைக்காமல் போனவர்களில் அதிகம் பேர் தவறவிட்டது இரண்டைத்தான்: சரியான வரிசை, சரியான நேரம். அந்த வரிசையை முதலிலிருந்து பார்ப்போம்.

படி 1: மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்

கல்லூரி சொல்லும் கற்பிப்புக் கட்டணத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தேர்வுக் கட்டணம், விடுதி, மெஸ், பேருந்து, சீருடை, ஆய்வகக் கட்டணம், காப்புத்தொகை, மடிக்கணினி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் போதாது, படிப்பு முடியும்வரை எழுத வேண்டும். பொறியியல் என்றால் நான்கு ஆண்டு. பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தப் பணம் எப்போது கட்ட வேண்டியது என்று குறியுங்கள். ஜூலையில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வரும் உதவித்தொகை பயன்படாது. இந்த இடைவெளிதான் பல குடும்பங்களை வட்டிக்காரரிடம் கொண்டுபோய் விடுகிறது.

அடுத்து, வரும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, கட்டவே தேவையில்லாத பணம், அதாவது கட்டணச் சலுகை. இரண்டாவது, கைக்கு வந்து திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. மூன்றாவது, வட்டியோடு திருப்ப வேண்டிய கடன். இதே வரிசையில்தான் தேட வேண்டும். கடனில் தொடங்கினால் மற்ற இரண்டையும் தேடும் வேகம் போய்விடும்.

படி 2: சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வாங்குங்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பொருந்தினால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகும். மே, ஜூன் மாதங்களில் ஊரே விண்ணப்பிக்கும் என்பதால் அப்போது தாமதம் ஆகும். ஏப்ரலிலேயே போய்விட்டால் நிம்மதி.

வருமானச் சான்றிதழில் இருக்கும் அந்த ஓர் எண்தான் எந்தெந்தத் திட்டம் உங்களுக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கல்விக் கடனுக்கான முழு வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கான பிரகதி உதவித்தொகைக்கு 8 லட்சம். உண்மையான வருமானத்தையே எழுதுங்கள். ஒரு திட்டத்துக்குக் குறைவாகக் காட்டிவிட்டு, கடனுக்காக வங்கியில் அதிகச் சம்பளம் காட்டினால் இரண்டு இடத்திலும் சிக்கிக்கொள்வீர்கள்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் "முத்துக்குமார் கா", ஆதாரில் "முத்துக்குமார் காளிமுத்து", வங்கிக் கணக்கில் "கா. முத்துகுமார்" என்று ஒற்றெழுத்து இல்லாமல். மனிதருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். பிறந்த தேதி மாறியிருந்தாலும் இதே கதைதான். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு ஆதாரைப் பார்த்து வங்கிக் கணக்கைத் திருத்துங்கள். ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் இன்று உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் எண்ணா என்பதையும் பாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

படி 3: வங்கிக் கணக்கை மாணவர் பெயரில் தொடங்கி, ஆதாரோடு சரியாக இணையுங்கள்

அரசு உதவித்தொகைகள் பெரும்பாலும் இப்போது நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகின்றன. அப்பா கணக்கு எண்ணைக் கொடுத்தால் சரிப்படாது.

"ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று வங்கியில் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. அடையாளச் சான்றாக ஆதாரைப் பதிந்துகொள்வது ஒன்று. தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்பிசிஐயின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே அந்தக் கணக்கை ஏற்றுவது இன்னொன்று. உதவித்தொகை வர இரண்டாவதுதான் வேண்டும். அதற்கு வங்கியில் தனியாக ஒப்புதல் படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்க முடியும். கடைசியாக ஏற்றிய கணக்குக்கே பணம் போகும். எங்கோ சிம் கார்டு வாங்கும்போதோ செல்போன் செயலியிலோ கட்டைவிரல் வைத்துப் புதுக் கணக்கு ஒன்று தொடங்கியிருந்தால், உங்கள் உதவித்தொகை அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். "எனக்கு மட்டும் வரல" என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஆதார் ஆணையத்தின் மை ஆதார் தளத்தில் உள்நுழைந்தால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கணக்கில் இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் அது முடங்கிவிடும். ஐம்பது நூறு ரூபாயாவது அவ்வப்போது போட்டு எடுத்துக்கொண்டிருங்கள்.

படி 4: கட்டவே வேண்டாத பணம்

முதல் பட்டதாரி சலுகை 2010-11 முதல் இருக்கிறது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறாமல் இருந்து, நீங்கள் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. சாதியோ வருமானமோ பார்ப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. பொறியியல் கலந்தாய்வுக்குச் சான்றிதழோடு, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றில் 2021 முதல். இந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் இல்லை என்றே சொல்வேன். இருந்தும் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தோம் என்பதற்கான சான்று கையில் இல்லாமல் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் உண்டு. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 முக்கியமானது. வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும், நிர்ணயிக்கப்பட்ட கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். அந்த எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் சொல்லத் தெரிந்திருந்தாலே பேச்சின் தொனி மாறும்.

இனி ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னவற்றில் பலவும் நீங்கள் எந்த வழியாகச் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தவை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. நிர்வாக ஒதுக்கீடு, ஸ்பாட் அட்மிஷன் இரண்டையும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான மத்திய அரசின் விதிகளும் ஏற்பதில்லை. தேர்வு முடிவு வரும் முன்பே வீடு தேடி வந்து, "சேர்ந்துடுங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்" என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகும் ஏஜென்ட்டுகளை நம்பி, கலந்தாய்வில் எளிதாகக் கிடைத்திருக்கும் சலுகையை இழந்தவர்கள் ஏராளம். கல்லூரி எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேர்ந்த பிறகு விலகினால் கட்டணத்தை எந்த விகிதத்தில் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத்தொகை, அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும்.

படி 5: கைக்கு வரும் உதவித்தொகை

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம் இதுதான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் பட்டம், பட்டயம், ஐடிஐ படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இவற்றைப் பெறலாம். ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். கடன் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத்துறைகளின் உதவித்தொகைகளுக்கும், ஆதிதிராவிடர் நலத்துறையின் போஸ்ட் மெட்ரிக்குக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். யுமிஸ் என்ற உயர்கல்வித் தகவல் தளத்தில் உங்கள் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, திரையிலேயே பாருங்கள்.

போஸ்ட் மெட்ரிக்கில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் தருகின்றன. மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கே வரும். அதில் ஒரு பகுதி கல்லூரிக் கட்டணத்துக்கானது. வந்தவுடன் கல்லூரியில் கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், ஆண்டு முடிவில் ஹால் டிக்கெட் நேரத்தில் சங்கடப்பட வேண்டிவரும்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து ஓர் எண் வாங்கிக்கொண்டால், எல்லா ஆண்டும் அதையே பயன்படுத்தலாம். கவனிக்க வேண்டியவை சில. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் 80-ஆவது சதமானத்துக்கு மேல், அதாவது முதல் 20 சதவீத மாணவர்களில் ஒருவராக இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டு 12,000 ரூபாய் வீதம் தரும் மத்தியத் துறை உதவித்தொகை இருக்கிறது. தொடர்ந்து பெற 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேரும் மாணவிகளுக்குப் பிரகதி, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்ஷம், இரண்டும் ஆண்டுக்கு 50,000 ரூபாய். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இந்தத் தளத்திலேயே தனி உதவி உண்டு.

விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய இழப்பு. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தன் கணக்கில் நுழைந்து சரிபார்த்தால்தான் உங்கள் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்கே போகும். அவர் கெடு நாளுக்குள் செய்யாவிட்டால் உங்கள் உழைப்பு அங்கேயே நின்றுவிடும். அச்சிட்ட நகலோடு நேரில் போய், பணிவாகவும் விடாமலும் கேளுங்கள். குறை சொல்லித் திருப்பியிருந்தால், திருத்திச் சமர்ப்பிக்கக் கொஞ்ச நாள்தான் இருக்கும். வாரம் ஒருமுறை நிலையைப் பார்த்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி அப்பா, அம்மாவின் தொழில். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் பிற அமைப்புசாரா நல வாரியங்களும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. கொத்தனார், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் என்று யாராக இருந்தாலும் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்பா முன்னாள் ராணுவத்தினர் என்றால் பிரதமரின் உதவித்தொகைத் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய் உண்டு.

அறக்கட்டளைகளில், 2006-இல் தொடங்கிய அகரம் தன் விதை திட்டத்தின் மூலம் அரசுப் பள்ளி மாணவர்களைப் படிக்கவைக்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகள் வீட்டுச் சூழலை நேரில் வந்து பார்ப்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்த உண்மையான உதவித்தொகைக்கும் முன்பணம் கட்டத் தேவையில்லை. "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று வரும் அழைப்பு மோசடி. போனை வையுங்கள்.

படி 6: மீதிக்கு மட்டும் கல்விக் கடன்

இதுவரை சொன்னவற்றைக் கழித்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணை கிடையாது, கையிலிருந்து முன்தொகையும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். கட்டணம், விடுதி, புத்தகம், கணினி எல்லாம் கடனில் அடங்கும். கட்டணப் பணம் கல்லூரிக்கே நேராகப் போகும்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இன்னொன்று. தரவரிசையில் மேலே உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாத கடன். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, அரசின் வேறு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓர் ஆண்டுக்கும் முழு வட்டியையும் அரசே ஏற்கும். இந்த மானியத்தைக் கேட்டு வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். கொடுக்காமல் விட்டவர்கள்தான் பிறகு வட்டி முழுவதையும் சுமக்கிறார்கள்.

வட்டி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்து. அதுவரை தனிவட்டி ஏறும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அதாவது 50,000. அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் அன்று உங்கள் கடன் 5,40,000. பத்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய், மொத்தம் 8.56 லட்சம். பதினைந்து ஆண்டு என்றால் மாதம் 5,800 என்று குறையும், மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் அசல் 4 லட்சத்திலேயே நிற்கும். தவணை மாதம் 5,290 ரூபாய்க்கு வந்துவிடும். இந்தக் கணக்கில் முதல் ஆண்டின் வட்டி மாதம் 833 ரூபாய்தான். புதுமைப் பெண்ணோ தமிழ்ப் புதல்வனோ வாங்கும் ஆயிரம் ரூபாய் அதற்குப் போதும். படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டுகிறவர்களுக்கும் மாணவிகளுக்கும் பல வங்கிகள் வட்டியில் சிறு தள்ளுபடியும் தருகின்றன. கேட்டு வாங்குங்கள். கடனோடு சேர்த்து காப்பீட்டுப் பிரீமியம் ஏற்றியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

கிளையில் வாய்மொழியாக மறுத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கி, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 4 லட்சத்துக்குள் பிணை கேட்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலுக்கு எதிரானது. அடுத்து மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்குப் போங்கள். வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு "வட்டியில்லாத் தவணை" என்று தரும் நிதி நிறுவனக் கடனை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் தவணை அடுத்த மாதமே தொடங்கும். படிப்புக் கால அவகாசமும் இல்லை, அரசின் வட்டி மானியமும் இல்லை.

படி 7: படிக்கும்போதும் முடித்த பிறகும்

ஒவ்வொரு ஆண்டும் உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். தானாக வராது. மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். கடன் வாங்கியிருந்தால் ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண்ணைக் கிளையில் கொடுத்தால்தான் அடுத்த தொகை வரும்.

படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமானால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால், உங்கள் பெயரில் மட்டுமல்ல, சேர்ந்து கையெழுத்திட்ட அப்பா அல்லது அம்மாவின் பெயரிலும் கடன் வரலாறு கெட்டிருக்கும். வேலைக்குப் போய் வருமான வரி கட்டத் தொடங்கியதும், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு 80இ பிரிவின்கீழ் எட்டு ஆண்டுவரை கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் கழிவு உண்டு. கடைசித் தவணை கட்டிய அன்றே கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். பிணையாகப் பத்திரம் கொடுத்திருந்தால் அதையும் திரும்பப் பெற்று, இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.